ஒல்லாந்தர் காலத்து வீடு

தெல்லிப்பழையில் நான் வாத்தியாராக இருந்தபோது, பழைய கட்டடங்களைப் பதிய கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஊரைச் சுற்றிக் காட்டும் வேலையைப் பள்ளிக்கூட அதிபர் என் தலையில் கட்டிவிட்டார்.

முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். என் புத்தி அப்படி.

"ஒல்லாந்தர் காலத்து வீடு, ஐயா" என்று அப்பா தூணைத் தட்டிக் காட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா? வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "எங்கடை வீடு பறங்கியர் காலத்தது. உவையின்ரை வீடு கட்டேக்கை எங்கடை ஆக்கள் முத்தத்திலை நிண்டு பாத்தவையாம்."

அதிகாரி மகிழ்ச்சியோடு இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு, "பதிஞ்சால் எங்களைக் கேளாமல் ஓர் ஆணிகூட அடிக்கேலாது" என்றார்.

குசினியை இடித்துப் பெரிதாக்கவென்று வாங்கிய கல்லும் மணலும் முற்றத்தில் குவிந்து கிடந்தன. அப்பா அந்தக் குவியலைப் பார்த்தார்.

"பழசெண்டு நான் சொன்னது காணியை, ஐயா. வீடு என்ரை கலியாணத்துக்குக் கட்டினது."

வேலிக்கு மேலிருந்த தலையைக் காணவில்லை.

எதிர்வீட்டுக்காரர் அன்று சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தார். மறுத்துச் சொல்ல ஆளில்லாததால், அவர் வெங்காயம் கட்டித் தொங்கவிடும் பழைய கல் மண்டபம் பதிவாகிவிட்டது. ஆணி அடிக்கக் கூடாத அந்தச் சுவரில் அரசாங்கமே நாலு ஆணி அடித்து, 'புராதன கட்டடம்' என்று பலகை மாட்டியது.

புதுக் குசினியில் சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போதெல்லாம் அப்பா அந்தப் பலகையைப் பார்த்துப் பொருமுவார்:

"எங்கடை வீடு உதுக்கு அம்பது வருசம் மூப்பு."