பகவானின் வரைவைத் திருப்பிய நான்

ஒரே செய்தி ஒரு வரைவில் இருமுறை வந்தால், சுருக்கி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அலுவலக விதி. நான் ஓய்வு பெற்ற பிறகும் அது என்னிடம் பணியில் இருந்தது.

ஓசூரில் என் பக்கத்து வீட்டு முருகேசன், மதுரைப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். மனைவிக்குப் பெங்களூரில் இதய ஆபரேஷன் என்று முடிவானதிலிருந்து, பகவானே சொன்னதாகத் தாம் நம்பும் நூலைத் தினமும் விடியற்காலையில் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

ஒருநாள் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன்: “பயப்படாதேன்னு எத்தனை எடத்துல வருது முருகேசன்! கடவுள் எழுதியிருந்தா ஒரு தடவை சொன்னாப் போதாதா? என் ஆபீஸ் கிளார்க்கா இருந்தா மூஞ்சியிலயே வீசியிருப்பேன்.”

அவர் மரியாதைக்குச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் குரல் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று துணைக்குப் போனேன். தியேட்டர் கதவு மூடியதும் முருகேசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க” என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன். மதியம் வரை எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

“என்ன சார், சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கீங்க?”

“நிறுத்திடட்டுமா?”

“ஐயோ, நிறுத்திராதீங்க சார்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த நூலை எழுதியது யார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பயந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய யாரோ என்பது மட்டும் தெரிகிறது.

“வீட்டுக்குப் போனதும் மறுபடி படிங்க முருகேசன்” என்று கேட்டுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது, ஆடிப்பெருக்கு அன்று விடியற்காலையில்.