செருப்பில் வெட்டிய நாலு துண்டு

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது எங்கள் வீட்டில் பிளஷ் என்பது கெட்ட வார்த்தை. மைசூர் விஜயநகரில் மாடி வீடு. படுக்கையறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரே சுவர். பிளஷை அழுத்தினால் அந்தச் சுவருக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும், அடுத்த நொடி மகளின் அழுகை கேட்கும். அதனால் அவள் தூங்கிவிட்டால் வீட்டில் தனிச் சட்டம். வாளிக்குள் மக்கை மெதுவாக அமிழ்த்தி மொண்டு, பீங்கானின் ஓரமாக வழியவிட வேண்டும். குழாயைத் திறக்கக் கூடாது. மக்கு வாளியின் விளிம்பில் இடிக்கக் கூடாது. நான் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். இரைச்சலோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. சட்டம் போட்டதும் நான்தான், அதை அதிகம் மீறியதும் நான்தான் என்று என் மனைவி இப்போதும் சொல்வாள்.

அதை ஒரு தடவைகூட மீறாத ஆள் என் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர், கொள்ளேகாலில் உரக்கடை வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை இருவரும் வந்துவிடுவார்கள். அவர் கழிப்பறைக்குப் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. அதற்காகவாவது எனக்கு அவரைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஏன் என்பதை மறைப்பானேன்? என் மகள் அவர் தோளில் சாய்ந்த இரண்டாவது நிமிடம் தூங்கிவிடுவாள். நான் தூக்கினால் முதுகை வளைத்துக்கொண்டு வீறிடுவாள்.

அவர் பாட்டுக்கூடப் பாடமாட்டார். அவள் முதுகைத் தட்டிக்கொண்டே கடைச் சரக்கை அடிக்குரலில் ஒப்பிப்பார். "யூரியா... பொட்டாஷு... வேப்பம் புண்ணாக்கு..." புண்ணாக்கு வருவதற்குள் அவள் கண் சொருகிவிடும். யாரும் இல்லாத நேரத்தில் நானும் யூரியா, பொட்டாஷ் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு அழுதாள். பெற்றவன் நான், தூங்குவது அவர் தோளில். எனக்கு வயிறு எரிந்தது. மனைவியிடம்கூடச் சொல்ல முடியாத எரிச்சல்.

அந்த வருடம் நாலு பெரியவர்களும் குழந்தையுமாக அவர் காரில் மடிக்கேரி வழியாக இறங்கி, கேரளத்தில் நீலேசுவரம் பக்கம் ஒரு படகு வீட்டில் ஒருநாள் தங்கப் போனோம். படகு ஆடினால் குழந்தை தானாகத் தூங்கும் என்று மனைவி கணக்குப் போட்டிருந்தாள். தூளி கட்ட ஒரு சேலையும் எடுத்து வந்திருந்தாள். ஆனால் அந்தக் கூரை வளைத்துக் கட்டிய மூங்கில். பாரம் தாங்காது, எதையும் தொங்கவிடாதீர்கள் என்று படகுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். தூளி இல்லையென்றால் தோள். தோள் என்றால் யாருடைய தோள் என்று சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டு நேரத்தில் படகை ஒரு தென்னந்தோப்பு ஓரமாகக் கட்டி இன்ஜினை நிறுத்தினார்கள். சகலை குழந்தையைத் தூங்கவைத்துக் கட்டிலில் கிடத்தினார். மனைவியின் அக்கா கழிப்பறைக்குப் போய் பிளஷை அழுத்தினார். அவ்வளவுதான், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பம்ப் கடகடவென்று உறுமியது. பிளஷ் தொட்டி நிரம்புகிறவரை நிற்கவில்லை. இன்ஜின் ஓடியவரை அது எங்கள் காதில் விழவே இல்லை, இப்போது படகே அதிர்ந்தது. மகள் அலறிக்கொண்டு எழுந்தாள். நான் ஓடினேன். எனக்கு முன்பே சகலை தூக்கிவிட்டார். யூரியா, பொட்டாஷ்.

வாளியும் மக்கும் வைத்துச் சமாளிக்கலாம் என்றால், வாளியை நிரப்பக் குழாயைத் திறந்தாலும் அதே பம்ப் ஓடியது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. தூங்கவைக்கத்தான் நமக்குத் துப்பில்லை, தூக்கம் கலையாமல் பார்த்துக்கொள்வது நம் தொழில் அல்லவா? பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். நான் எங்கே போனாலும் அது கூட வரும்.

"டூர் வந்த இடத்துலயும் ஸ்பானராங்க? ஸ்வல்ப சும்மனே இருங்களே" என்று பாதிக் கன்னடத்தில் அடக்கினாள் மனைவி.

கழிப்பறைச் சுவரின் அடியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. திறந்தால் கட்டிலுக்கு அடியில் பம்ப். நாலு போல்ட் போட்டு நேராகப் பலகையோடு இறுக்கியிருந்தார்கள். பம்ப் அதிர்ந்தால் பலகை அதிரும், பலகை அதிர்ந்தால் கட்டில். நடுவில் ரப்பர் கொடுத்தால் தீர்ந்தது. ரப்பருக்கு எங்கே போவது? என் காலில் ஹவாய் செருப்பு இருந்தது. வலது கால் செருப்பைப் படகின் சமையல் கத்தியால் நாலு துண்டாக வெட்டி, பம்பைத் தூக்கி, ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் ஒன்றாக வைத்து இறுக்கினேன். பலகையில் மோதிக்கொண்டிருந்த குழாயை மனைவியின் தலைமுடி ரப்பர்பேண்டால் கட்டினேன். பிளஷை அழுத்தினேன். பூனை உறுமுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தேன். மகள் சகலையின் மார்பில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவரும் கட்டிலில் மல்லாந்து கண்ணை மூடியிருந்தார். நான் பிளஷை அழுத்திக் காட்டினேன். மகள் அசையவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நின்றேன்.

மனைவி கட்டிலைப் பார்த்து, "மாமா மேல படுத்தா எத்தனை நிம்மதியாத் தூங்குறா பாருங்க" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குக் கண் மண் தெரியவில்லை. செருப்பை வெட்டியவன் நான், பெயர் அவருக்கு. மனைவியும் அவள் அக்காவும் முன்பக்கம் போய் உட்கார்ந்த பிறகு நான் மறுபடி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நாலு ரப்பர் துண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டேன். பம்பைப் பழையபடி பலகையோடு இறுக்கினேன். மகள் எழ வேண்டும், எழுந்து அழும்போது நான் தூக்க வேண்டும், இந்த ஒருமுறையாவது என் தோளில் அடங்க வேண்டும். வேறு எதுவும் மனதில் இல்லை. பிளஷை அழுத்தினேன்.

படகு அதிர்ந்தது. மகள் வீறிட்டாள். இரண்டே எட்டில் ஓடி, "குடுங்க சகலை" என்று அவர் மார்பிலிருந்து ஏறக்குறைய பிடுங்கினேன். அவர் கொடுத்துவிட்டார். அவள் அடங்கவில்லை. முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து, என் கழுத்தைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். நான் விடவில்லை. படகின் பின்பக்கம் கொண்டுபோய் ஆட்டினேன், தட்டினேன், கொக்கைக் காட்டினேன். கால்மணி நேரம் அழுது, விக்கலெடுத்து ஓய்ந்தாள், தூங்கவில்லை. அப்படி அழவைத்தவன் நான் என்று அவளுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சகலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையைக் கேட்கவில்லை. உள்ளங்கையைத் திறந்து காட்டினார். நீல ரப்பர் துண்டு ஒன்று. குழந்தையைப் பிடுங்கக் குனிந்தபோது என் பையிலிருந்து கட்டிலில் விழுந்திருக்கிறது.

"இது உங்குளுதுங்களா சகலை?"

நான் வாங்கிக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசலாம்.

"எங்கூட்டுல எந்நேரமும் பிளஷ் பண்ணலாமுங்க" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "பதினோரு வருசமாச்சு. ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க."

ஒரு குழந்தைக்காக அவர்கள் ஏறி இறங்கியது எத்தனை மருத்துவமனை, எத்தனை கோயில் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மைசூரில் டாக்டரைப் பார்க்க அவர்கள் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். மாதம் ஒருமுறை வருவார்கள் என்று சொன்னேனே, அது அதற்காகத்தான். என் பொறாமையில் இது எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. அவரிடம் எல்லாம் இருப்பதாகவும் என்னிடம் எதுவும் இல்லாததாகவும் எட்டு மாதமாக நான் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் புடிங்க சகலை, பம்பைச் சரி பண்ணிட்டு வர்றேன்" என்று மகளை அவரிடம் நீட்டினேன். எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் தாவிப் போய் அவர் தோளில் முகம் புதைத்தபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. உள்ளே போய் நாலு துண்டையும் திரும்ப வைத்து இறுக்கினேன். வெளியே யூரியா கேட்டது, பொட்டாஷ் கேட்டது, புண்ணாக்குக்கு முன்பே குரல் நின்றுவிட்டது. அந்தத் துண்டுகளைப் படகுக்கே விட்டுவிட்டு மறுநாள் வெறுங்காலோடு காரில் ஏறினேன். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மகள் உள்ளே தூங்கினாள். நான் குரலைத் தாழ்த்தச் சொல்லப் போனேன்.

"உங்க மாமாவுக்கு இதென்ன பழக்கமோ தெரியலைடி" என்று அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். "புது பிளஷ் மாட்டி மூணு வருசமாச்சு, அதைத் தொடுறதே இல்ல. இங்கயும் மக்குல மொண்டு, ஓரமா, சத்தம் வராமத்தான் ஊத்துறாரு."