ராஜாகல் விலக்கு

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பஸ்ஸில் கண்டக்டர், "ராஜாகல் விலக்கு, பைய எறங்குங்க ஆச்சி" என்றார். இறங்கிப் பார்த்தால் ராஜாவும் இல்லை, கல்லும் இல்லை. ஒரு புரோட்டாக் கடைதான் இருக்கிறது. கடைப் பையனிடம் கேட்டேன். "அது சும்மா பேரு ஆச்சி" என்றான். சும்மா பேராமே! வந்த கோபத்தில் அங்கே காப்பிகூடக் குடிக்காமல் நடந்துவிட்டேன். உங்களிடமாவது சொல்கிறேன்.

எனக்குப் பாவாடை தடுக்கும் வயது. எங்கள் சமீன் ராஜா காசிக்குப் புறப்பட்டார். மேளமும் வேட்டுமாக ஊரே சாலையில் நின்றது. இப்போதும் வெடிமருந்து நெடி பட்டால் எனக்குக் காசி ஞாபகம்தான் வருகிறது. நான் காசியைப் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். ராஜா கோச்சு வண்டியில் எழுந்து நின்று கைகூப்பி, "போய் வருகிறேன்" என்றார். பெண்கள் அழுதார்கள். எதற்கென்று தெரியாமலே நானும் அழுதேன்.

பின்னால் பாத்திர வண்டியில் என் அத்தான். அரண்மனைச் சமையல்காரர், அக்காவைக் கட்டியவர். அண்டா உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் அக்காவிடம், "சரி, போறேன்" என்று சொல்லிவிட்டார். நம்மில் யாராவது அப்படிச் சொல்வோமா? மாசமாக இருந்த அக்கா வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள். "வாரேன்னு சொல்லிட்டுப் போங்க." அத்தான் திரும்பி ஏதோ சொன்னார். அதற்குள் வேட்டுப் போட்டுவிட்டார்கள்.

"ஏட்டி, ஒனக்குக் கேட்டுதா? வாரேன்னாங்களா?" என்று அன்றிலிருந்து அக்கா என்னைத் துளைத்தெடுத்தாள். எனக்கும் கேட்கவில்லை. வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன்.

ராஜா திரும்புவதற்குள் அந்த இடத்தில் கல் நட்டுவிட வேண்டுமென்று ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரே துடிப்பு. என்ன வெட்டுவது என்பதில் சண்டை. 'போனார்' என்றால் இழவுச் சேதி. 'எழுந்தருளினார்' என்றால் சாமி கோபித்துக்கொள்ளும். கடைசியில் 'மகாராஜா போய்வருகிறேன் என்று திருவாய் மலர்ந்த இடம்' என்று வெட்டினார்கள். கல்லுக்கு மாலை போட்ட வாரத்திலேயே சேதி வந்தது. காசியில் வாந்திபேதி கண்டு அத்தான் இறந்துவிட்டார். "காசியில உசிரு போச்சே, குடுத்து வச்சவன்" என்றார்கள் துக்கம் கேட்க வந்தவர்கள். அக்கா யாரோடும் பேசவில்லை. என்னிடம் மட்டும் அதே கேள்வி.

ராஜா திரும்பி வந்த அன்று கல்லருகே வண்டியை நிறுத்தச் சொன்னார். எழுத்தைப் படிக்கவில்லை. ஆரத்தித் தட்டோடு நின்ற சுமங்கலிகளைத் தாண்டி, கைக்குழந்தையோடு ஒதுங்கி நின்ற அக்காவிடம் வந்தார்.

"தாயி, கடைசிவரைக்கும் ஒன்னையத்தான் சொல்லிக்கிட்டு இருந்தான். 'வாரேன்னுதான் சொன்னேன், வேட்டுச் சத்தத்துல அவ காதுல விழுந்துதோ என்னமோ'ன்னு ஒரே பொலம்பல்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "நல்லாக் கேட்டுது மகாராசா" என்றாள்.

அதற்குப் பிறகு என்னிடம் அவள் அதைக் கேட்டதே இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது கல்லைப் பெயர்த்து எங்கேயோ போட்டுவிட்டார்கள். சமீனும் போயிற்று, அக்காவும் போய்ச் சேர்ந்தாள். அவள் அன்று சொன்னது பொய் என்று தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான்.