நான் ஏறினால் நிற்கும் வண்டி

அழகர்கோவில் சாலையில் இருக்கும் எங்கள் கல்யாண மண்டபத்துக்குப் பெரிய புல்வெளி உண்டு. புல் வெட்ட, உட்கார்ந்து ஓட்டும் சின்ன டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். எங்கள் வீட்டில் முதலில் நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

விற்றவர் ஓட்டிக் காட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. நான் ஏறி பிரேக்கை விட்டதும் என்ஜின் நின்றுவிட்டது. மறுபடியும் அப்படியே.

“ஏப்பா, ஓட்டை வண்டியை எந்தலையில கட்டப் பாத்தியா? ஏத்திக்கிட்டுப் போ!” என்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. “சீட்டுக்கு அடியில சுவிட்சு இருக்கு. சீட்டுல ஆள் இருந்து அது அமுங்குனாத்தாம்மா ஓடும். இல்லாட்டி தானா நின்னுரும்.”

“அப்ப நான் ஆளில்லையா?”

என் மருமகள் சிரித்துவிட்டாள். “அத்தை, நுனியில தொத்திக்கிட்டுல்ல இருக்கீக! நடுவுல சாஞ்சு உக்காருங்க. நம்ம வண்டிதான?”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். கூலிக்குப் போன காலத்தில் முதலாளி வண்டியில் அப்படித்தான் ஒடுங்கி உட்காருவோம். சொந்த மண்டபம் கட்டிய பிறகும் உடம்பு அதை மறக்கவில்லை.

“கோவிச்சுக்காதப்பா” என்று விற்றவரிடம் சொல்லிவிட்டு, முதுகு சாய நடுவில் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. புல்வெளி முழுவதையும் வெட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலி நிறைய உட்காருகிறேன்.