கொட்டாங்குச்சியில் வந்த நெருப்பு

இந்தப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்: எங்கள் தீப்பெட்டிப் பட்டறை மேஸ்திரி ஒரு பொய்யர். எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று தெருத் தெருவாகச் சொன்னவர் அவர்தான்.

1931 கோடையில், தண்டையார்பேட்டையில் அவருடைய தீப்பெட்டிப் பட்டறையில் வேலை செய்தேன். மருந்து தோய்த்துக் காய்ந்த குச்சிகளை மரச் சட்டத்திலிருந்து உருவிப் பெட்டியில் அடைப்போம். ஒரு நாள் மத்தியானம் ஒரு சட்டம் உரசிப் பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்த என் சிநேகிதியின் புடவையில் தீப் பிடித்தது. சாக்கைப் போட்டு அணைத்தோம். அவள் பிழைக்கவில்லை. என் மேல் ஒரு கொப்புளம்கூட இல்லை.

அதற்குப் பிறகு குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டாலே எனக்குக் கை கால் விறைத்துவிடும். தெருவில் யாராவது பீடி பற்றவைத்தால் வேர்த்துக் கொட்டும், மூச்சு வராது. அவள் ஞாபகம் வரும் என்று சொன்னால் போதாது. அந்தப் பட்டறைக்குள்ளேயே மறுபடி நிற்பேன். வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டவும் முடியவில்லை.

மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்று, “பேய் புடிச்சிக்கினு கீது. இல்லாங்காட்டி சோம்பேறித்தனம்” என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். செத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். பேயோட்ட ஆள் கூட்டிவந்து வேப்பிலையால் அடித்தும் பார்த்தார்கள். “அடுப்பு மூட்டாதவளுக்குக் குடும்பம் இன்னாத்துக்கு? புள்ளைய வுட்டுட்டு அவ ஆத்தா வூட்டுக்குப் போவட்டும்” என்றார். என் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மகனுக்கு அப்போது இரண்டு வயது.

எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். என் மாமியார் போட்ட சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை தன் அடுப்பிலிருந்து இரண்டு கங்கு எடுத்து, கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டுவந்து எங்கள் வாசற்படியில் வைத்தாள். கங்குக்குச் சத்தம் கிடையாது. நான் எடுத்துப் போய் அடுப்பை ஊதினேன். எனக்கு ஆகாதது அந்தச் சத்தம்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. அவள் எதிர்வாசலிலிருந்து பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறாள்.

சாயங்காலமும் கொண்டுவந்தாள். “வெளக்கு வெச்சப்புறம் நெருப்பு குடுத்தா குடுக்குற வூடு வெளங்காதும்மா” என்று மாமியார் முனகினார்.

“எங்க வூடு எப்ப வெளங்கிச்சு பெரீம்மா, இப்ப வெளங்காம போறதுக்கு? நீ சோத்தைத் துன்னுட்டு கம்முனு குந்து” என்று சிரித்தாள்.

சில வாரம் இப்படிப் போயிற்று. பிறகு, “காலு நோவுது, நீயே வந்து வாங்கிக்கோ” என்று தன் வாசலுக்குக் கூப்பிட்டாள். அங்கே புதுசாக ஒன்று செய்தாள். “இப்ப குச்சி கிழிக்கப் போறேன். பயமா இருந்தா தெருமுனைக்குப் போய் நில்லு. வேணாம்னா கையைத் தூக்கு, நிறுத்திடறேன்” என்பாள். நான் கையைத் தூக்கினால் நிஜமாகவே நிறுத்திவிடுவாள். முதலில் தெருமுனையில் நின்றேன். அப்புறம் குழாயடியில். அப்புறம் அவள் வாசலிலேயே.

கடைசியில் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாள். கிழித்தேன், அலறி வீசிவிட்டேன். அவள் அதைக் காலால் மிதித்து அணைத்தாள். “ஒரு குச்சி போச்சு. பொட்டி நெறைய கீதும்மே, கிழி” என்றாள். அடுத்ததைக் கிழித்தேன். அது எரிந்து முடியும்வரை பிடித்திருந்தேன். செத்தவளுக்காக அன்றுதான் வாய்விட்டு அழுதேன். எதிர்வீட்டுக்காரி என்னைத் தடுக்காமல் அழவிட்டாள்.

மறுநாள் என் அடுப்பை நானே பற்றவைத்தேன். மாமியார் பார்த்துவிட்டு, “உலைய வையி” என்றார். என் மகன் என்னோடுதான் வளர்ந்தான்.

அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. சொல்லாமல் யாராவது குச்சி கிழித்தால் இன்றும் நடுங்குவேன். ஆனால் வெட்கப்படுவதில்லை. எனக்கு வந்தது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை, கண்ணால் கண்டதை உடம்பு விடமாட்டேன் என்றது, அவ்வளவுதான். அதை நம்பினவள் அவள் ஒருத்தி. அந்தக் குடும்பம் பிறகு எண்ணூர்ப் பக்கம் குடிபோய்விட்டது. நான் அம்மாவாக இருப்பது அவள் தயவு. அதைச் சாகிறவரை சொல்லுவேன்.

மேஸ்திரி, உம்மிடம் இன்னும் பெண்கள் வேலை செய்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருத்தி பயந்து நடுங்கினால் அவளையும் பேய் என்பீரா? இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கும்படி பதில் எழுதும்.