மெயின்டனன்ஸ் பார்க்கிற ஆளுங்க

அத்தையின் கண்ணாடி அலுமாரியில், விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் நல்ல கோப்பைகளுக்குப் பக்கத்தில், ஒரு ஜீப்பின் சாவி கிடக்கிறது. பல் வைத்த பழைய காலத்துச் சாவி இல்லை. கறுப்பாக, வழுவழுவென்று, உள்ளங்கையை நிறைக்கும் கனத்தில், பொத்தான்களோடு இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இன்றைக்கு எதுவும் திறக்காது. பன்விலையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அத்தை எனக்குத் தேநீர் ஊற்ற அந்த அலுமாரியைத் திறப்பாள். சாவி கண்ணில் படும், எனக்கு மண்டை கொதிக்கும். வீட்டில் மற்றவர்களுக்கு அது முடிந்துபோன கதை. எனக்கு முடியவில்லை.

மாமா, என் அம்மாவின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கண்டிப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிக்கொண்டு போவார். நானும் அந்த வேனில்தான் படித்து முடித்தேன். அந்த வேனை அவர் பார்த்துக்கொண்ட விதத்தை நினைத்தால்தான் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. இன்ஜின் சத்தத்தில் சிறிய மாற்றம் வந்தாலும் அன்றைக்கே கராஜில் நிற்பார். வழுக்கை டயரோடு ஓடுகிற வேன்காரர்களைக் கண்டால் முகத்துக்கு நேரே திட்டிவிடுவார். "புள்ளைங்க ஏறுற வண்டி" என்பதுதான் எதற்கும் அவர் சொல்லும் காரணம். ஒரு பிரேக் கட்டை வாங்குவதற்குக் கண்டியில் நான்கு கடை ஏறி இறங்கி, எது எத்தனை மாதம் தாங்கும் என்று விசாரித்து, கடைக்காரனுக்கே அலுப்பு வந்த பிறகுதான் காசை எடுப்பார். அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையிலேயே பெரிய பொருளை வாங்கும்போது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதற்குக் காரணம் தோட்டத்து ரோடு. அந்த ரோடு ஒரு வண்டி அகலம். மலைப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் வருகிற சத்தம் கேட்டால் நடந்துபோகிற ஆட்கள் கானுக்குள் இறங்கி, தலைத்துணியை எடுத்துவிட்டு, ஜீப் போகும்வரை நிற்க வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் நிற்காதவனுக்கு மறுநாள் வேலை கஷ்டமான மலையில் கிடைக்கும். மாமா பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த நாளில் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தாத்தாவின் கையைப் பிடித்து நடந்தாராம். பின்னால் ஜீப் வந்தது. தாத்தா அவரையும் சேர்த்துக் கானுக்குள் இழுத்துக்கொண்டார். சப்பாத்து முழுக்கச் சேறு. இதை மாமா எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டுதான் சொல்வார். "ஒருநாளு அதே ரோட்டுல நம்ம ஜீப்பு போகும். ஒருத்தரும் எறங்கத் தேவையில்ல" என்று முடிப்பார். நாங்களும் சிரிப்போம்.

பெற்றோல் வரிசைகளும் பள்ளிக்கூட மூடல்களும் வந்த காலத்தில் வேன் தொழில் படுத்துவிட்டது. வாகன இறக்குமதியும் நின்றிருந்ததால் பாவித்த வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. வேனுக்கு நல்ல விலை கேட்டு ஆள் வந்தார்கள். பெரிய ஜீப் ஒன்று எடுத்தால் கல்யாண ஹயர் ஓடலாம், வெளிநாட்டுக்காரர்களை ஏற்றலாம், வைத்திருந்தாலே விலை ஏறும் என்று யாரோ காதில் ஓதினார்கள். கணக்கு முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன். கண்டியில் கல்யாணக்காரர்கள் அப்படிப்பட்ட ஜீப்புக்கு நல்ல வாடகை கொடுத்தார்கள்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பாதி இல்லை.

அந்தப் பாதி எனக்குத் தெரியும். நான் அப்போது கண்டியில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை பார்த்தேன். ஆடம்பர வண்டிக்காரர்கள் விலை கேட்டுவிட்டு முகம் செத்துத் திரும்புவதைத் தினமும் பார்ப்பவள். வண்டி பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும். அதன் சாமான்களின் விலை இறங்காது. புதிதாக இருந்தபோது கோடீஸ்வரன் மாற்றிய அதே சாமானைத்தான் பழசாக வாங்கியவனும் மாற்ற வேண்டும், அதுவும் அடிக்கடி. அதனால் பாவித்த வண்டிகள் விற்கிற கார் சேலுக்கு மாமா போன அன்று நானும் கூடவே போனேன்.

பேராதனை ரோட்டில் இருந்தது அந்த இடம். விற்பனைக்காரன் வாசலிலேயே மாமாவை "வாங்க சேர்" என்றான். இத்தனை வருடம் "டேய் வேன்" என்று கூப்பிடப்பட்டவருக்கு அந்தச் சொல் எங்கே போய் உட்கார்ந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கதிரை போட்டார்கள், குளிர்பானம் கொடுத்தார்கள். ஜீப் பளபளவென்று நின்றது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் தாங்குகிற வண்டி, பொத்தானை அழுத்தினால் உயரும், தாழும். அவன் அழுத்திக் காட்டினான். மாமா குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன், காற்றுப் பை போனால் என்ன விலை, கண்டியில் இதைத் தொடுகிற கராஜ் இருக்கிறதா, இறக்குமதி இல்லாத நேரத்தில் சாமான் எங்கிருந்து வரும், மாதம் மெயின்டனன்ஸ் செலவு எவ்வளவு என்று. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவைப் பார்த்துச் சிரித்தான்.

"மெயின்டனன்ஸ் பார்க்கிற ஆளுங்களுக்கு நாங்க இத காட்டுறதே இல்ல சேர்."

மாமாவின் காது சிவந்தது. "அவ சாமான் கடையில வேல பாக்குறா. அதான் எதுக்கெடுத்தாலும் வெல கேக்குறா" என்று அவனோடு சேர்ந்து சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம், "நாலு பேரு முன்னால என்னய அசிங்கப்படுத்தாத பாப்பா" என்றார். பிரேக் கட்டைக்கு நான்கு கடை ஏறிய மனிதர் சொன்ன சொல் இது. அந்த விற்பனைக்காரன் விற்றது ஜீப்பை இல்லை. செலவைப் பற்றிக் கேட்டால் நீ இன்னும் தோட்டத்து வரிசை வீட்டில் கிடக்கிற லயத்து ஆள்தான் என்று சொல்லாமல் சொன்னான். அது போதுமாக இருந்தது. வேனை விற்ற காசு போக மிச்சத்துக்கு லீசிங் போட்டு மாமா ஜீப்பை எடுத்தார்.

முதன்முதலில் தோட்டத்து ரோட்டில் ஏறிய நாளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஜீப்பைக் கண்டதும் ஒருவர்பின் ஒருவராகக் கானுக்குள் இறங்கினார்கள். சிலர் தலைத்துணியையும் எடுத்தார்கள். மாமா பிரேக்கை அழுத்திவிட்டு இறங்கி ஓடினார். "ஏன்க்கா எறங்குறீங்க? நான்தான், நான்தான்" என்று கத்தினார். பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி அவரை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"ஜீப்பு சத்தம் கேட்டா காலு தானா எறங்கிருது தம்பி. நீயின்னு யாரு கண்டா."

அதன் பிறகு அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் மாமா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டுவார். மழை நாளிலும் அப்படித்தான். அப்படியும் சிலர் இறங்கத்தான் செய்தார்கள்.

ஜீப் சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு தெல்தோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்காகப் பூக்கட்டி நிறுத்தியிருந்த வண்டி, பெண் ஏற வேண்டிய நேரத்தில் பின்பக்கமாகத் தாழ்ந்துவிட்டது. "உக்காந்துருச்சு" என்று மாமா தொலைபேசியில் சொன்னார், வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாமல் போன மாதிரி. கண்டிக் கராஜ்களில் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு காற்றுப் பைக்குக் கொடுத்ததில் வேனுக்கு முழு இன்ஜின் வேலையே பார்த்திருக்கலாம். ஒன்றை மாற்றினால் அடுத்தது போனது, பிறகு காற்றடிக்கிற மோட்டார் போனது. சாமான் வரும்வரை வாரக்கணக்கில் வண்டி முற்றத்தில் உட்கார்ந்தே கிடந்தது. ஹயர்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். லீசிங்காரர்கள் அப்படி விட்டுவிடவில்லை, மாதத் தவணை கேட்டு நின்றார்கள். மாமா ஒரு தடவையாவது அந்தக் கார் சேலுக்குப் போய்ச் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போகவில்லை. நான் போனேன். "சேர்தானே பாத்து எடுத்தாரு" என்றான் அவன். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் உடைத்துச் சாமான் சாமானாக விற்கிற ஒருவனுக்கு ஜீப்பைக் கொடுத்து லீசிங்கை முடித்தார்கள். அவனுடைய லொறி தோட்டத்து ரோட்டில் ஏறாது. அதனால் டிராக்டரில் கயிறு கட்டி மெயின் ரோடுவரை இழுத்துப்போனார்கள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். அடிவயிறு தரையில் உரச ஜீப் ஊர்ந்தது. கொழுந்துக்காரப் பெண்கள் எதிரே வந்தார்கள். ரோட்டிலேயே ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சிலர் பின்னால் வந்து தள்ளினார்கள். மாமா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியா, இன்னைக்கு ஒருத்தரும் எறங்கல."

அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடைக்கிறவனுக்குச் சாவி எதற்கு? அதனால் சாவி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. மாமா இப்போது வேறொருவரின் பள்ளிக்கூட வேனைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். அந்த வேனின் டயர்கள் வழுக்கை. முதலாளி மாற்றித் தர மாட்டேன் என்கிறார். மாமா சொல்லிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் ஏறியதும் மெதுவாக ஓட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை அலுமாரியைத் திறந்தபோது என்னால் முடியவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனேன். வாசலுக்கு முன்னால் மழைத்தண்ணீர் கானில் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கையை ஓங்கியபோது திண்ணென்ற குரல் கேட்டது. மாமா வாசலில் நின்றிருந்தார்.

"எங்க போடப் போற?"

"கானுல மாமா. ஒழியட்டும்."

"மெயின்டனன்ஸ நீ கேட்டப்ப நானும் கேட்டிருக்கணும். வெக்கமாப் போச்சு, கேக்கல. அதுக்காக அத கானுல போடாத பாப்பா. நாங்க அங்க நின்னது போதும்."

என் கை தானாக இறங்கியது. அத்தை வந்து சாவியை வாங்கி, முந்தானையில் துடைத்து, கோப்பைகளுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தாள்.