கடலில்லாத ஊரில் படகு மோட்டார்: விருத்தாசலத்தில் ஒரு நாள்

புதுச்சேரிப் பக்கம் சொந்தமாகச் சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் யாராவது படகின் பின்பலகையில் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரை மாற்ற நினைத்தால் இந்தப் பதிவு உதவும். படகே இல்லாதவர்களும் படிக்கலாம், பீங்கான் சூளை வருகிறது.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. பாய் துவண்டது. நீரோட்டம் எங்கள் பதினெட்டு அடிப் படகைக் கரைக் கற்களை நோக்கித் தள்ளியது. மோட்டார் கிளம்பவில்லை. கணவர் பிரபு மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று வயது மகள் யாழினியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நான் இழுத்தேன். பாதிக் கயிறுகூட வெளியே வரவில்லை. நல்லவேளையாக ஒரு மீன்பிடிப் படகுக்காரர் வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போனார்.

கரையில் கால் வைத்ததும் சொன்னேன். "நான் இழுத்தா கிளம்புற மோட்டாரா இருந்தாதான் நானும் பாப்பாவும் இனிமே ஏறுவோம். நீங்க தண்ணில வுழுந்துட்டா யாரு வந்து இழுப்பா?"

மறுநாளே பிரபு மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

பழைய மோட்டார் தேறாது என்று மெக்கானிக் கைவிரித்தார். புதியதின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்போதுதான் பிரபுவின் அலுவலக நண்பர் ஒருவர் கைகொடுத்தார். ஏரியில் படகுச் சவாரி நடத்திப் பார்த்துக் கைவிட்டவர் அவர். மிஞ்சிய இரண்டு மோட்டார்களும் விருத்தாசலத்தில், அவருடைய அக்கா செல்வியின் பீங்கான் பட்டறையில் இருப்பதாகச் சொன்னார்.

மோட்டாரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்பதால் வாடகைக் கார், போய்வர 3,500 ரூபாய். காலை 6.20க்குக் கிளம்பினோம். கடலூரில் இட்லி, வடலூரில் பாப்பாவுக்கு வாந்தி (கூடவே மாற்றுத்துணி எடுத்துப் போங்கள்), நெய்வேலி தாண்டி 9.10க்கு விருத்தாசலம். கார் மீட்டரில் 84 கிலோமீட்டர். வழியெல்லாம் ஓட்டுநர் முருகேசன் அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏங்க, பாண்டில அவ்ளோ பெரிய கடல வச்சிக்கிட்டு விருத்தாசலத்துக்கா போட்டு மோட்டாரு வாங்க வரீங்க? அடுத்து எங்க, ஊட்டிக்குப் போயி கருவாடா?"

பட்டறை வாசலில் வெள்ளை மண் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது. செல்வி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கைகள் முழங்கை வரை வெளுத்திருந்தன. "வாம்மா, வாங்க சார். பாப்பா, சூடா இருக்குது, சூளைகிட்ட போவாத" என்றபடியே உள்ளே அழைத்துப்போனார்.

முந்தைய நாள் எரித்த சூளையை அப்போதுதான் திறந்திருந்தார்கள். உள்ளிருந்து வந்த அனல் முகத்தில் மோதியது. அடுக்கடுக்காக வெள்ளைப் பொம்மைகள்: வண்ணம் காணாத பிள்ளையார்கள், கண் எழுதாத யானைகள், தெரு மின்கம்பத்தில் தினமும் பார்த்துக் கடந்துபோகும் அந்த வெள்ளைக் குமிழ்கள். மண்ணாக உள்ளே போனவை வெளியே வரும்போது தட்டினால் மணியாக ஒலித்தன. யாழினி என் சேலையைப் பிடித்துக்கொண்டு யானைகளை எண்ணத் தொடங்கினாள்.

மோட்டார் எங்கே என்று பிரபு கேட்டார். செல்வி அக்கா பெருமையாகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் எட்டுக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று மாட்டியிருந்தது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஆனால் தொட்டிக்குள் இருந்தது தண்ணீரல்ல. களிமண் கூழ்.

"களி கலக்குற மிஷினு எரிஞ்சிபோச்சி. புதுசு வாங்க வக்கில்ல. சும்மா கெடக்குதேன்னு எங்க வூட்டுக்காரரு இத எடுத்து மாட்னாரு. ரெண்டு கொலு சீசனு ஓட்டிட்டோம். எப்படிக் கலக்குது தெரியுமா?"

அவர் கணவர் வெளியூர் போயிருந்ததால் பிரபுவே கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமியது. தொட்டி முழுவதும் வெள்ளைச் சுழியாகிவிட்டது. பட்டுத்துணியை உதறி விரித்தது போல மடிப்பு மடிப்பாகக் கூழ் எழுந்து சுற்றியது. நடுவில் ஆழமாக ஒரு குழி விழுந்து, தன்னைத்தானே விழுங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வந்த வேலையை மறந்து நின்றேன்.

பிரபு மனதுக்குள் ஏற்கெனவே வாங்கிவிட்டார், முகத்தில் தெரிந்தது. "எட்டு இருந்தா எந்த ஓட்டத்தையும் எதிர்த்து ஏறிடலாம். அறுபதாயிரம்தான்."

"நிறுத்துங்க, நான் இழுத்துப் பார்க்கிறேன்."

இழுத்தேன். உள்ளங்கை எரிந்தது. இரண்டாம் முறையும் மோட்டார் அசையவில்லை.

"பழகிடும். ஓட ஓட லூசாயிடும்" என்றார் பிரபு.

"நானா, மோட்டாரா?"

செல்வி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிரபு மறுபடி கிளப்பினார். அப்போதுதான் யாழினி கத்தினாள். "அம்மா, மோட்டாரு பால் ஊத்துது!"

தெரியாதவர்களுக்காக: இந்த மோட்டார்கள் தாம் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சி, இயந்திரத்தைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டைத் தணித்து, பின்பக்கம் ஒரு சிறு துளை வழியாகப் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சலைப் பார்த்துக்கொண்டே ஓட்டவேண்டும். இங்கே துளையிலிருந்து வெள்ளையாக ஒழுகியது. நூலாக மெலிந்தது. பிறகு சொட்டு. பிறகு அதுவும் இல்லை. சூடான இரும்பு வாசனை வந்தது.

"ஆஃப் பண்ணுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் முருகேசன் அண்ணன் வாசலிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

ஆறவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, நீர் ஓடும் பாதையின் மூடியைத் திறந்தார் பிரபு. பாதையே இல்லை. வெள்ளையாக, கெட்டியாக, ஓரங்களில் வெடித்துப்போய் அடைத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டினால் துண்டு துண்டாக உதிர்ந்தது. தினம் தினம் கூழைக் குடித்து, தன் சூட்டிலேயே அதைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

செல்வி அக்கா ஒரு துண்டைக் கையில் எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். "அடியம்மா! மோட்டாருக்குள்ளயே சூளை வச்சிருக்கமே! பத்து நாளா வாசனை வருது, பொம்மை வேவுதுன்னுல்ல நெனச்சேன்!"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. இதைக் கொண்டுபோய் முகத்துவாரத்தில் மாட்டியிருந்தால் கற்களுக்கு முன்னால்தான் இது நின்றிருக்கும்.

"இன்னொன்னு இருக்குதாமே?" என்று கேட்டேன்.

"அது ஒன்னுத்துக்கும் ஆவாதும்மா. ஐஞ்சு குதிரதான். அதுவும் காலு நீட்டம். தொட்டில வச்சா தரைய இடிக்குது, அதான் ஓரமாப் போட்டுட்டோம்."

"நீட்டமா?" என்று நானும் பிரபுவும் ஒரே நேரத்தில் கேட்டோம். பாய்மரப் படகின் பின்பலகை உயரமானது. குட்டைக்கால் மோட்டாரை மாட்டினால் ஒவ்வொரு அலைக்கும் விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்து வெறும் காற்றில் சுற்றும். நீட்டுக்கால்தான் எங்களுக்கு வேண்டியது. எட்டின் பளபளப்பில் பிரபு அதைக் கேட்கவே மறந்திருந்தார்.

கோப்பைகள் கட்டும் வைக்கோலுக்கு அடியிலிருந்து அதை இழுத்தார்கள். பட்டறைத் தராசில் இருபத்தொரு கிலோ. ஜங்ஷன் ரோட்டில் புது பிளக், ஒரு லிட்டர் பெட்ரோல், அளவாக ஆயில் வாங்கிவந்தோம். கார்புரேட்டரைத் துடைத்து, உயரமான டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி இறக்கினோம். பிரபு கயிற்றுக்குக் கை நீட்டினார்.

"சார், தள்ளுங்க" என்றார் செல்வி அக்கா. "அது தங்கச்சி மோட்டாரு."

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதும் வீண். பாப்பாவை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டேன். படகில் அப்படித்தானே இருப்பேன். காலை டிரம்மில் முட்டுக்கொடுத்து, கயிறு பிடிமானத்துக்கு வரும்வரை மெதுவாக இழுத்து, பிறகு ஒரே வீச்சு.

பற்றிக்கொண்டது. டிரம் அதிர்ந்தது. அந்தச் சிறு துளையிலிருந்து கண்ணாடி போலத் தண்ணீர் வளைந்து பாய்ந்து என் சேலையை நனைத்தது. இவ்வளவு பெரிய உறுமல் என் கையிலிருந்தா கிளம்பியது என்று நம்பமுடியாமல் அதை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினேன். மறுபடியும் கிளம்பியது.

35,000 ரூபாய். செல்வி அக்கா இரண்டு யானைப் பொம்மைகளைச் சும்மாவே கொடுத்தார். பழமலைநாதர் கோயில் கோபுரத்தைக் காரிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டு மதியம் 2.30க்கு ஊருக்குக் கிளம்பினோம்.

உங்களுக்கு என் யோசனைகள்: கால் நீளத்தைப் படகில் அளந்துகொண்டு கிளம்புங்கள். பதினெட்டு அடிக்கு ஐந்து குதிரை தாராளம். பழைய மோட்டார் என்றால் இதுவரை எந்தத் தண்ணீரில் ஓடியது என்று கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல தண்ணீரில் பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பீய்ச்சலிலேயே கண்ணாக இருங்கள். கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் படகில் ஏறுபவர்களில் யார் கைக்கு வலு குறைவோ அவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் எல்லோரும் தள்ளி நில்லுங்கள்.

போன ஞாயிறு முகத்துவாரத்தில் காற்று இருக்கும்போதே பாயை இறக்கச் சொன்னேன். பிரபு பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்தார். கயிற்றை ஒரே வீச்சில் இழுத்து மோட்டாரைக் கிளப்பி, கற்களை விட்டு விலக்கி, நான் படகைக் கடலுக்குக் கொண்டுபோனேன்.